அண்ணனின் வயது

நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக்காரர் ஒரு நாள் அப்பாவிடம் கேட்டார்: “ஒங்க தம்பிக்கு இப்ப சொகமா?”

அப்பாவுக்குத் தம்பி கிடையாது. அவர் கேட்டது என் அண்ணனை. அப்பா திருத்தவில்லை. “இருக்கான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அழுகாத தக்காளியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அதை ஒரு வேடிக்கை போல அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. அண்ணன்தான் சிரித்தார்.

“அப்ப இனிமே நான் பாப்பாவுக்கு சித்தப்பா. மரியாதையாக் கூப்பிடு” என்றார்.

பாப்பா நான்தான். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோதும் வீட்டில் அந்தப் பெயர் மாறவில்லை.

அண்ணனுக்கு அப்போது முப்பது முடிந்திருக்கவில்லை. ஆனால் தலைமுடியில் பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. முன்பல் இரண்டு இல்லை. கன்னம் உள்ளே போய், கண்ணுக்குக் கீழே தோல் தளர்ந்து, விரல்கள் எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். கையை வீசாமல், சின்னச் சின்ன அடியாக வைத்து நடப்பார். அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர். அந்த வேலைக்காரர்களைக் கொழும்பில் நாட்டாமை என்பார்கள். இளம் வயதில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த நாளிலிருந்து அரிசியும் சீனியும் சுமந்த உடம்பு. இறுகிக் கறுத்துக் கிடக்கும். அப்பாவும் அண்ணனும் சேர்ந்து நடந்தால் யார் மகன் என்று சொல்வது கஷ்டம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றும் வராது. அப்பா கைநாட்டு. எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பிறகு தோட்டத்திலிருந்து வந்த அம்மா தேயிலைக் கொழுந்தை நிறுக்காமலே எடை சொல்வாள், ஆனால் பஸ்ஸின் பெயர்ப் பலகையை என்னிடம் கேட்டுத்தான் ஏறுவாள். அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று புடவைக் கடைக்குப் போனவர். எனக்கு விஞ்ஞானப் புத்தகங்கள் வாங்கித் தந்தது அந்தக் கடைச் சம்பளம்.

பத்தொன்பது வயதில் அவருக்கு நோய் வந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ தன் பெயரை வாசிக்கிறது என்றார். பிறகு கடை முதலாளி தேநீரில் ஏதோ கலக்கிறார் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டொக்டர் ஆங்கிலத்தில் எழுதிய அந்த நீண்ட சொல்லை வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டும். வாசித்துக் காட்டினேன். ஸ்கிசோஃப்ரேனியா. அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், வாயில் நிற்கவில்லை. அன்றிலிருந்து வெளியாருக்கு அது “தலைவலி” ஆகிவிட்டது. வீட்டுச் சொந்தக்கார அம்மாவிடமும் அதையேதான் சொன்னோம். அவர் யாழ்ப்பாணத்து அம்மா. கொட்டாஞ்சேனையில் கீழ்வீட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு மேலே இரண்டு அறைகளை எங்களுக்கு வாடகைக்குத் தந்திருந்தார்.

“என்ன பிள்ளை, இவ்வளவு காலமா ஒரு தலையிடி?” என்று அவர் என்னிடம் கேட்பார். “நல்ல டொக்டரிட்டக் காட்டினனீங்களே?”

“காட்டுறோம் அன்ரி.”

“ஓம், ஓம். காட்டுங்கோ. ஆள் நல்லாத் தேஞ்சு போனார்.”

தேய்ந்து போனார். அந்தச் சொல் எனக்குள் கிடந்தது. இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பை எடுத்து வகுப்பின் முன் விளக்க வேண்டும். நான் எடுத்தது உயிரணுவின் முதுமை. ஏன் அதை எடுத்தேன் என்று விரிவுரையாளர் கேட்டபோது, புதிய துறை, அதனால் என்றேன். அதுவும் உண்மைதான்.

நூலகத்தின் ஒரு மூலையில் ஆங்கிலச் சஞ்சிகைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நம் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் இருக்கும் நிறமூர்த்தங்களுக்கு, அதாவது குரோமோசோம்களுக்கு, நுனிகள் உண்டு. அந்த நுனிகளை டெலோமியர் என்பார்கள். உயிரணு இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் நுனி கொஞ்சம் குறைகிறது. குறைந்து குறைந்து ஒரு கட்டத்துக்கு வந்தால் அந்த உயிரணு அதற்கு மேல் பிரியாது. வயதானவர்களின் இரத்தத்தில் இந்த நுனிகள் குட்டை. அந்த வருடங்களில் சிலர், ஸ்கிசோஃப்ரேனியா உள்ளவர்களின் வெள்ளணுக்களிலும் இதை அளந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வயதுக்கு மீறிக் குட்டையாக இருக்கிறது என்று சிலர் எழுதினார்கள். அப்படி ஒன்றும் வித்தியாசம் இல்லை என்று வேறு சிலர் எழுதினார்கள். நோய் காரணமா, மருந்து காரணமா, புகைப்பதா, வறுமையா, தூக்கமின்மையா என்று யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்: இந்த நோயாளிகள் மற்றவர்களை விடச் சீக்கிரம் சாகிறார்கள். அதுவும் பெரும்பாலும் இருதயம், நீரிழிவு என்று வயதானவர்களுக்கு வரும் சாதாரண நோய்களால்.

அந்த வரியை வாசித்த அன்று நான் நூலகத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, அண்ணன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னா பாப்பா, சோத்துல புழுவா?” என்றார்.

அப்பாவுக்கு நான் இதை விளக்க முயன்றது நினைவிருக்கிறது. மூட்டை கட்டும் நைலோன் கயிற்றின் நுனி பிரியாமல் இருக்க, அப்பா அதை லைட்டரில் சுட்டு உருக்கி விடுவார். மறுபடி பிரிந்தால் பிரிந்ததை வெட்டிவிட்டு மறுபடி சுடுவார். கயிறு ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை குறையும். “அந்த மாதிரித்தாம்ப்பா” என்றேன். “நம்ம ஒடம்புக்குள்ளயும் கயிறு இருக்கு. அண்ணனுக்கு அது சீக்கிரமாக் குட்டையாகுதோ என்னவோ.”

அப்பா யோசித்தார். “கயிறு குட்டையாப் போனா நாங்க வேற கயிறு வாங்குவோம்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பதில் எந்தச் சஞ்சிகையிலும் இல்லை என்பதால் வந்த கோபம்.

மாதம் ஒருமுறை அண்ணனுக்கு ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஊசி போட வேண்டும். அந்த ஊசிதான் அவரை எங்களோடு வைத்திருந்தது. ஒருமுறை நகரில் குண்டு வெடித்துப் பாதைகளை மூடிவிட்டார்கள், ஊசி தவறியது. சில வாரங்களில் அண்ணன் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துத் தள்ளி வைக்கத் தொடங்கினார். பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அவரை வெளியே எடுக்க அப்பா கட்டிலைத் தூக்க, அம்மா காலைப் பிடித்து இழுக்க, நான் யன்னலைச் சாத்தினேன், சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று. ஆகவே என்ன நடந்தாலும் ஊசி தவறக்கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஊசிக்குப் போவதென்றால் சோதனைச் சாவடிகளைக் கடக்க வேண்டும். அவை போரின் கடைசி வருடங்கள். பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குவார்கள். ஒரு கையில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்போம். சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்தவள் என்பதால் அண்ணனோடு எப்போதும் நான்தான் போவேன். அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். சிப்பாய் அந்த இரண்டு இலக்கத்தைப் பார்ப்பான், படத்தைப் பார்ப்பான், அண்ணனைப் பார்ப்பான். மறுபடி படத்தைப் பார்ப்பான்.

படத்தில் இருந்தவருக்குப் பதினாறு வயது. அடர்த்தியான கறுத்த முடி, உப்பிய கன்னம். கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அடையாள அட்டைப் படத்துக்குக் காது தெரிய வேண்டும் என்று ஸ்டூடியோக்காரர் அதட்டி, அண்ணனின் முடியைத் தானே காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாராம். அது அண்ணனுக்குள் எப்படியோ பதிந்துவிட்டது. யாராவது அட்டையைக் கையில் எடுத்தால் போதும், இரண்டு கையாலும் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் திருப்பி நிற்பார். ஒதுக்குவதற்கு முடி இல்லாத அளவுக்கு வெட்டியிருந்தாலும் ஒதுக்குவார். அதையும் நோயின் ஒரு கோணல் என்றுதான் நாங்கள் நினைத்தோம். சாவடியில் அவர் அப்படிச் செய்யும்போது எனக்குக் கூசும். “கைய எறக்குங்கண்ணே” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

ஒரு மாத ஊசிக்குப் போனபோது ஆமர் வீதிப் பக்கம் நின்ற சிப்பாய் எங்களை விடவில்லை. “மே கவ்த?” என்று படத்தைக் காட்டிக் கேட்டான். இது யார்?

“இவர்தான். என் அண்ணன்.”

“பொய் சொல்லாதே. இது உன் அப்பா. யாருடைய அட்டையைக் கொண்டு வந்திருக்கிறாய்?”

நான் பேசினேன். கெஞ்சவில்லை, பேசினேன். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் அவன் அட்டையை என் கையில் போட்டு, “அடுத்த முறை சரியான அட்டையோடு வரச் சொல்” என்றான்.

புதிய அட்டை எடுக்கலாம்தானே என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. கிராம சேவகரிடம் போக வேண்டும், தோட்டத்திலிருந்து பிறப்புப் பத்திரம் வர வேண்டும், பழைய அட்டையைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அட்டையே இல்லாமல் ஒரு தமிழ் ஆள் கொழும்பில் மாதக்கணக்கில் எப்படி நடமாடுவது? பொருந்தாத அட்டை வைத்திருந்தால் ஆபத்து, அதைக் கொடுத்துவிட்டால் அதைவிட ஆபத்து.

“மூஞ்சிக்கு ஏத்த மாதிரி அட்டைய மாத்த முடியாதுன்னா, அட்டைக்கு ஏத்த மாதிரி மூஞ்சிய மாத்துவோம்” என்றாள் அம்மா. எவ்வளவு தெளிவாக இருந்தது அது! படித்த எனக்கும் அதில் பிழை எதுவும் தெரியவில்லை.

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் டியூசன் கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்து காலி வீதி என்னும் பெருந்தெருவில் ஒரு அழகுச் சாமான் கடையில் தலைச்சாயம் வாங்கினேன். விற்ற பெண், “அப்பாவுக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அண்ணனைக் குளியலறையில் ஒரு முக்காலியில் உட்கார வைத்து, அம்மா பழைய பல்துலக்கியால் சாயத்தைப் பூசினாள். நான் முகத்தை மழித்துவிட்டேன். அண்ணன் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“படத்துல வில்லனுக்கு அடியாளா நிப்பானே, அவன் மாதிரி இருக்கேன்.”

“சும்மா இரு. இப்பத்தான் என் புள்ள” என்றாள் அம்மா.

உண்மையில் அது அவளுடைய பிள்ளை இல்லை. இளமையும் திரும்பவில்லை, முதுமையும் போகவில்லை. தளர்ந்த முகத்துக்கு மேலே கறுப்பாக ஒரு தொப்பி கவிழ்த்தது போல இருந்தது. முதல் முறை கழுவி முடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. எங்கள் மாடிக்குத் தண்ணீர் ஏறுவது அவ்வளவுதான். மிச்சத்தை நாளைக்குக் கழுவலாம் என்று துணியால் துடைத்து விட்டோம். ஊசிக்கு இன்னும் நாள் இருந்தது.

மறுநாள் காலை எங்கள் தெருவைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். எல்லாரும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கி மூன்று மொழியிலும் சொன்னது. அப்பா விடியுமுன்பே வேலைக்குப் போயிருந்தார். அம்மா, அண்ணன், நான், கீழ்வீட்டு அன்ரி எல்லாரும் போய் நின்றோம். மைதானத்தில் நிழல் இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அண்ணனின் வரிசை எங்களுடையதோடு ஒட்டியிருந்தது. வெயில் ஏறியது. அவருக்கு மருந்தினால் எப்போதும் வியர்வை அதிகம்.

அன்ரி என் தோளைத் தொட்டார். “பிள்ளை, அண்ணாவின்ர கழுத்தைப் பாரும். என்னவோ கறுப்பா வடியுது.”

வெள்ளைச் சட்டை. கழுத்துப்பட்டி கறுத்துக்கொண்டிருந்தது. ஒரு கோடு காதோரமாக இறங்கி வந்தது. நான் வரிசையை விட்டு எட்டி, என் கைக்குட்டையால் துடைத்தேன். அதுதான் நான் செய்யக்கூடாத காரியம். துடைக்காமல் விட்டிருந்தால் அழுக்கு என்று நினைத்திருப்பார்கள். ஒருத்தி அவசரமாகத் துடைப்பதைச் சிப்பாய் கண்டுவிட்டான். வந்து கைக்குட்டையைப் பிடுங்கி விரித்துப் பார்த்தான். அண்ணனின் தலையில் விரலை அழுத்தித் தேய்த்து, அந்த விரலை மற்றவர்களுக்கு உயர்த்திக் காட்டினான்.

வேஷம் போட்ட ஆள். வேறொருவனின் அட்டை. அவர்கள் கண்ணில் அதற்கு மேல் என்ன வேண்டும்? அண்ணனை ட்ரக்கில் ஏற்றினார்கள். அண்ணன் திரும்பி என்னைத் தேடினார். “பாப்பா, ஊசிக்கா போறோம்?” என்று கேட்டார்.

நானும் ஏறினேன். இறங்கச் சொன்னார்கள். இறங்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஒரு நீள வாங்குப் பலகையில் எங்களை உட்கார வைத்தார்கள். எங்கள் தெருவிலிருந்து பிடித்துவந்த இன்னும் நாலைந்து பேரும் அதே வாங்கில் இருந்தார்கள். அம்மாவும் அன்ரியும் நடந்தே வந்து வாசலில் நின்றார்கள். அப்படியே விட்டால் மாலையில் வேறெங்கோ கொண்டு போய்விடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படிக் கொண்டு போனவர்களை எந்த இடம் என்று தேடவே குடும்பங்களுக்கு வாரங்கள் ஆகும். ஊசி இல்லாத வாரங்கள். ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லத் தெரியாத ஒருவர், கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம்.

இன்ஸ்பெக்டர் வயதானவர். அவருடைய மீசையும் சாயம் பூசியது. அடியில் வெள்ளை தெரிந்தது. நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“சிங்களம் தெரியாதா?”

“தெரியும்.”

“பிறகு எதற்கு எனக்கு ஆங்கிலம் காட்டுகிறாய்?” அட்டையை மேசையில் தட்டினார். “இந்த நம்பரின்படி இவன் என் மகன் வயது. ஆளைப் பார்த்தால் என் அண்ணன் போல இருக்கிறான். தலைக்கு மை வேறு. யார் இவன்?”

“என் அண்ணன். அவருக்கு நோய். அதனால்தான் இப்படி இருக்கிறார்.”

“என்ன நோய்?”

வாசலில் அன்ரி நின்றார். வாங்கில் தெருக்காரர்கள் இருந்தார்கள். பத்து வருடத் தலைவலி அந்த இடத்தில் முடிந்தது. நான் சிங்களத்தில் மனநோய் என்று சொன்னேன். போதாது போலிருந்தது. அம்மாவின் வாயில் நிற்காத அந்த ஆங்கிலச் சொல்லையும் உரக்கச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் அண்ணனைப் பார்த்தார். “மனசுக்கு வந்த நோய் முடியையும் பல்லையுமா தின்னும்?”

அதைவிடச் சரியான கேள்வியை என் வகுப்பில் ஒருவரும் பிறகு கேட்கவில்லை. நான் பதில் சொன்னேன். இந்த நோய் மூளையோடு நிற்பதாகத் தெரியவில்லை, உடம்பு முழுதையும் முன்கூட்டியே வயதாக்குகிறதா என்று ஆராய்கிறார்கள் என்றேன். இரத்தத்தின் அணுக்களைப் பற்றி, அவற்றின் நுனிகள் குறைவதைப் பற்றிச் சொன்னேன். சிங்களத்தில் சொல் கிடைக்காத இடத்தில் அப்பாவின் கயிற்றைச் சொன்னேன். கொஞ்ச நேரம் நான் பொலிஸ் நிலையத்தில் இருப்பதையே மறந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பக்கத்து மேசைக்காரரும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“சரி” என்றார் இன்ஸ்பெக்டர். “அப்படியானால் இவனுடைய இரத்தத்தை எடுத்துச் சோதித்தால் உண்மையான வயது தெரியுமா? இந்த அட்டை இவனுடையதுதான் என்று காட்டுமா?”

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தெரியப்போவதில்லை. ஆனால் நான் அவ்வளவு நேரம் பேசியதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம் என்ற திமிரில்தான். அதில் ஒரு பொய்யைக் கலக்க நாக்கு வரவில்லை.

“காட்டாது” என்றேன். “பல பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அது ஏதாவது சொல்லும். ஒரு ஆளின் வயதை அதில் வாசிக்க முடியாது.” பிறகு, ஏன் என்று தெரியவில்லை, மிச்சத்தையும் சொன்னேன். “வாசிக்க முடிந்தாலும் நீங்கள் சொல்வதைத்தான் அதுவும் சொல்லக்கூடும். இவருக்கு வயது அதிகம் என்று.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். மேசைக்காரரும் சிரித்தார். “நல்லது. இவ்வளவு படித்து, படிப்பும் பொலிஸ் பக்கம்.”

பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எந்த வாசலுக்கும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். பாப்பா பேசுவாள், பாப்பாவுக்குத் தெரியும். பேசியாயிற்று. வாசலில் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் நன்றாகப் பேசிவிட்டேன் என்ற நம்பிக்கையோடு.

இன்ஸ்பெக்டர் அட்டையை எடுத்து அண்ணனின் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார். கடைசியாக ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இருக்கலாம். அட்டை உயர்ந்ததும் அண்ணன் எழுந்தார். இரண்டு கையையும் தூக்கி, ஈரமும் மையுமாக ஒட்டிக்கிடந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். தலையைக் கொஞ்சம் திருப்பி நின்றார்.

“கைய எறக்குங்க” என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அட்டையைக் கிட்டக் கொண்டு போனார். அண்ணனின் இடது காது மடல் கீழே இரண்டாகப் பிளந்திருக்கும். தோட்டத்தில் ஆண்பிள்ளைகளுக்கும் காது குத்துவார்கள். படத்திலும் அதே இடத்தில் அதே பிளவு. ஸ்டூடியோக்காரர் அதட்டி வெளியே கொண்டுவந்த காது.

“காதுக்கு என்ன நடந்தது?” என்று அவர் என்னிடம் கேட்கவில்லை, அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் என்னைக் கையால் காட்டினார். “நங்கி” என்றார் சிங்களத்தில். தங்கச்சி. “சின்னதில். தோட்டோடு பிடித்து இழுத்துவிட்டாள். ரத்தம்.” பிறகு தமிழில் என்னிடம், “நீ வலிக்குதான்னு கூடக் கேக்கல” என்றார்.

எனக்கு அது நினைவில்லை. நான் கைக்குழந்தையாம். வாசலிலிருந்து அம்மா ஓடிவந்து, அரைச் சிங்களத்தில், ஆமாம் ஐயா, இவள்தான், இவள்தான் என்று என்னைக் காட்டி அழுதாள். குற்றவாளி நான் ஆனதில் அந்த அறையில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

மாலைக்கு முன்பு விட்டுவிட்டார்கள். ஆனால் இந்த அட்டையோடு இனி வெளியே வரக்கூடாது, புதிதாக எடுக்கும் வரை வீட்டோடு இருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அன்ரி எங்களோடு சேர்ந்தே நடந்து வந்தார். எங்கள் தெருமுனைக்கு வந்ததும் என் கையைப் பிடித்தார். “இவ்வளவு நாளும் ஏன் பிள்ளை தலையிடி எண்டு சொன்னனீர்? எனக்கும் ஒரு தம்பி இருந்தவன்” என்றார். முனையில் இருந்த டொக்டரிடம் அவரே போய்ப் பேசி, அண்ணனின் ஊசியை மாடிக்கே வந்து போட ஏற்பாடு செய்தார்.

படம் எடுக்க மட்டும் மறுநாளே அதே ஸ்டூடியோவுக்குப் போனோம். பழைய ஆள் இல்லை, அவருடைய மகன் இருந்தார். “ஐயா, கொஞ்சம் நிமிருங்க. ஐயா, காது தெரியணும்” என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, நான் சொல்லலையா என்பது போலத் தலையை ஆட்டினார். சாயத்தை முழுதாகக் கழுவி, முடியை ஒட்ட வெட்டியிருந்தோம். வெள்ளையாக, உண்மையாக இருந்தார்.

புதிய அட்டை வரும் வரை அண்ணன் மாடியை விட்டு இறங்கவில்லை. மழைக்காலம் வந்து போனது. ஒரு யன்னல், இரண்டு அறை, இடையில் ஒரு திரை. யன்னலில் நின்று துறைமுகத்தின் கிரேன்களைப் பார்ப்பார். கப்பல் வந்தால் எனக்குச் சொல்வார். நான் டியூசனையும் குறைத்துக்கொண்டேன், அவரைத் தனியே விட அம்மா பயந்தாள். இரவும் பகலும் அவருடைய அந்தச் சின்ன அடிகள் பலகையில் போய் வரும். சில நாள் எனக்கு அலற வேண்டும் போலிருக்கும். அண்ணன் என்னைப் பார்த்து, “ஒன்னயும் சேத்துப் புடிச்சிட்டாங்க பாப்பா” என்பார்.

அதற்கிடையில் என் விளக்கவுரையும் நடந்தது. நன்றாகப் பேசினேன் என்றார்கள். குறைந்த நுனி மறுபடி வளருமா என்று ஒரு மாணவன் கேட்டான். அதைச் செய்யும் ஒரு நொதியம் உண்டு, ஆனால் நோயாளிகளுக்கு அதனால் ஏதும் ஆகுமா என்று தெரியாது என்றேன். உங்களுக்கு ஏன் இதில் இவ்வளவு ஆர்வம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இம்முறை சொல்லியிருப்பேன்.

கடைசியில் அட்டை வந்தது. அண்ணன் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

“இனி நான் கெழவன்னு கவர்மெண்டே ஒத்துக்கிச்சு” என்றார்.

அந்த மாத ஊசிக்கு நாங்கள் மறுபடி பஸ்ஸில் போனோம். ஆமர் வீதியில் இறக்கினார்கள். சிப்பாய் புதியவன், சின்னப் பையன். அண்ணனின் அட்டையை வாங்கினான், முகத்தைப் பார்த்தான். முதல் இரண்டு இலக்கத்தை அவன் பார்க்கவே இல்லை. படமும் ஆளும் ஒன்றாக இருந்தால் போதும். “யண்ட மாமா” என்று திருப்பிக் கொடுத்தான். போங்க மாமா.

அடுத்தது நான். என் அட்டையும் பதினாறு வயதில் எடுத்ததுதான். இரட்டைப் பின்னல், கண்ணாடி இல்லாத, கன்னம் உப்பிய ஒரு பெண். சிப்பாய் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

“இது நீயா?” என்று கேட்டான்.

சாவடியைத் தாண்டிப் போய் எனக்காக நின்ற அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவர் சிரிப்பதைப் பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன், முன்பல் இல்லாத வாய் முழுதும்.

“காதக் காட்டு பாப்பா” என்று கத்தினார். “காதக் காட்டு.”

நான் முடியை இரண்டு கையாலும் ஒதுக்கி, தலையைக் கொஞ்சம் திருப்பி நின்றேன்.